மூவாயிரம் வலம்புரிப் பிள்ளையார்

வரைகலை படிக்கிற பிள்ளைகளிடம் பேசச் சொல்லிப் போன மாதம் செம்பூரில் ஒரு பயிற்சி நிலையத்தில் கூப்பிட்டிருந்தார்கள். வேலையிலிருந்து ஒதுங்கி ஆறு வருடம் ஆன ஆளை எதற்குக் கூப்பிடுகிறார்கள் என்று புரியவில்லை. இருந்தாலும் போனேன். பேசி முடித்ததும் முதல் வரிசையில் இருந்த ஒரு பெண், "அங்கிள், சொந்தமா ஸ்டுடியோ ஆரம்பிக்கணும்னு எப்ப முடிவு பண்ணீங்க?" என்று கேட்டாள். நான் முடிவு பண்ணவே இல்லை, ஒரு காலண்டரைத் தப்பாக அச்சடிக்க வைத்தேன், அதனால் ஆரம்பிக்க வேண்டியதாயிற்று என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். வேடிக்கைக்குச் சொன்னதாக நினைத்துவிட்டார்கள். விளக்குவதற்குள் டீயும் பிஸ்கட்டும் வந்துவிட்டன. அந்தச் சிரிப்பை அப்படியே விட மனமில்லாமல்தான் இதை எழுதுகிறேன்.

என் பெயர் காசிம். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம் என்று சொல்லிக்கொண்டாலும் பிறந்து வளர்ந்தது தாராவியில். வாப்பாவுக்குத் தகரப் பெட்டி செய்யும் பட்டறை. ஊருக்குப் போகிறவர்களும் கல்யாணம் வைத்திருப்பவர்களும் பெட்டி வாங்க வருவார்கள். மூடியில் ரோஜாப்பூவும் பெயரும் எழுதித் தரவேண்டும். எழுதுகிற ஆள் ஒரு நாள் வராமல் போனதும் வாப்பா தூரிகையை என் கையில் கொடுத்துவிட்டார். நான் எழுதிய முதல் பெயருக்கு மூடியில் இடம் போதாமல், கடைசி இரண்டு எழுத்துகளைப் பெட்டியின் பக்கவாட்டில் எழுதினேன். வாப்பா அந்தப் பெட்டியையும் விற்றுவிட்டார்.

அதற்கப்புறம் நான் செய்த வேலைகளை வரிசையாகச் சொன்னால் கேட்கிறவர்களுக்குத் தலை சுற்றும். வடாலாவில் லாரிகளுக்கு நம்பர் எழுதினேன். சினிமாக் கொட்டகையில் இடைவேளையில் காட்டுகிற விளம்பரத்துக்குக் கண்ணாடிச் சில்லில் எழுத்து வரைந்தேன். நடுவில் நான்கு மாதம் மாமா ஒருவர் பேச்சைக் கேட்டு அத்தர் விற்கப் போனேன். அத்தர் விற்கவில்லை. சீசாவில் ஒட்டியிருந்த லேபிளின் எழுத்தை மட்டும் திருத்தி வரைந்து கொடுத்துவிட்டு வந்தேன். பிறகு துணி மில்களுக்கு லேபிள் அச்சடிக்கிற ஓர் இடத்தில் சேர்ந்தேன். அங்கே இருந்தபடியே சாயங்கால வகுப்பில் வணிக ஓவியம் படித்து ஒரு சான்றிதழும் வாங்கினேன். என் படிப்பு மொத்தமும் அந்த ஒரு தாள்தான். எண்பதுகளின் தொடக்கத்தில் வேலைநிறுத்தம் வந்து மில்கள் மூடிக் கிடந்தபோது லேபிளுக்கும் ஆளில்லை. லேபிள் முதலாளி, "வேற எடம் பார்த்துக்கோ காசிம், உன்னை வெச்சு நான் என்ன செய்ய" என்றார். அப்படித்தான் மாட்டுங்காவில் விஸ்வநாதன் சாரின் ஸ்டுடியோவுக்குப் போய்ச் சேர்ந்தேன்.

ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில், முதல் மாடியில் ஒரே ஒரு நீள அறை. ஐந்து மேசைகள். ஸ்டுடியோ சாருடையது. தஞ்சாவூர்க்காரர், அவர் அப்பா காலத்திலேயே மாட்டுங்காவில் குடியேறிவிட்ட குடும்பம். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. நம் வேலையைக் கையில் வாங்கினால் முதலில் தலைகீழாகப் பார்ப்பார். அப்புறம் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்து அதில் பார்ப்பார். எடை எந்தப் பக்கம் சாய்கிறது என்று கண்ணாடியில்தான் தெரியும் என்பார். வாயிலிருந்து வருவது இரண்டே பதில்தான். ஒன்று "பேஷ்". இன்னொன்று "இன்னொரு தரம்". இரண்டாவதைச் சொன்னால் ஏன் என்று கேட்கக் கூடாது, நாமே கண்டுபிடிக்க வேண்டும். நான் சேர்ந்த புதிதில் ஒரு தீப்பெட்டி லேபிளுக்கு ஒன்பது தடவை "இன்னொரு தரம்" வாங்கினேன். பத்தாவது தடவை கோபத்தில் முதலில் போட்டதையே கொடுத்தேன். "பேஷ்" என்றார். அதற்கப்புறம் அவர் மேல் எனக்கு இருந்த பயம் கொஞ்சம் குறைந்தது.

அன்றைக்கு ஆர்ட்வொர்க் என்பது தடித்த வெள்ளை அட்டை. எழுத்துகளைப் புகைப்படத் தாளில் எடுத்து, பிளேடால் வரி வரியாக வெட்டி, ரப்பர் பசையால் அட்டையில் ஒட்ட வேண்டும். கோணலாக ஒட்டினால் பசை காய்வதற்குள் நகர்த்தலாம், காய்ந்துவிட்டால் தோலை உரிக்கிற மாதிரி உரிக்க வேண்டும். வண்ணப் படம் அட்டையில் வராது. அதன் எல்லையை மட்டும் கோடாகப் போட்டு, மேலே ஒரு ட்ரேசிங் தாளை ஒட்டி, எந்தப் படம் எங்கே வரவேண்டும், என்ன நிறம், எவ்வளவு அடர்த்தி என்று பென்சிலில் எழுதி அச்சகத்துக்கு அனுப்புவோம். தாளின் வலது கீழ் மூலையில் சார் நீலப் பென்சிலால் "வி" என்று போட்டால்தான் அட்டை மாடியை விட்டு இறங்கும்.

ஸ்டுடியோவில் இன்னொரு கட்டுப்பாடு உண்டு. ஒருவர் மேசையில் இருப்பதை இன்னொருவர் பார்க்கக் கூடாது. இதில் ஒரு நியாயம் இருந்தது. ஒன்றுக்கொன்று போட்டியான இரண்டு மசாலாக் கம்பெனிகளின் வேலை பக்கத்துப் பக்கத்து மேசையில் நடக்கும். ஒரு தடவை யாரோ வாயை விட்டு, ஒரு கம்பெனியின் டப்பா நிறம் இன்னொரு கம்பெனிக்குத் தெரிந்து, பெரிய தகராறாகிவிட்டதாம். அதிலிருந்து சந்தேகம் எதுவானாலும் சாரிடம் மட்டும்தான் கேட்க வேண்டும் என்று வைத்துவிட்டார். என் பக்கத்து மேசையில் ஷிண்டே என்று ஒரு மராத்திக்காரர், புகைப்படங்களைத் தூரிகையால் சரிசெய்கிறவர். நான்கு வருடம் தோளோடு தோள் உட்கார்ந்திருந்தோம். அவர் என் வேலையை எட்டிப் பார்த்ததில்லை, நானும் அவருடையதைப் பார்த்ததில்லை.

அந்த நான்காவது வருடத்தில்தான் காலண்டர் வேலை வந்தது. வடாலாவில் மசாலாப் பொடி அரைத்து விற்ற சாவந்த் என்பவர் கொடுத்தது. எல்லோரும் அவரை சாவந்த் சேட் என்போம். வருடா வருடம் தன் வாடிக்கையாளர் வீடுகளுக்கு ஒரு பிள்ளையார் காலண்டர் கொடுப்பார். படத்தையும் அவரே வாங்கித் தந்திருந்தார். முகம் மட்டும் பெரிதாக வரைந்த நல்ல ஓவியம். முகம் லேசாக ஒரு பக்கம் திரும்பியிருக்கும், தும்பிக்கையின் நுனி மறுபக்கம் வளைந்திருக்கும். நான் போட்ட அமைப்பில் இடது பக்கம் படம், வலது பக்கம் நான்கு அங்குலப் பட்டையில் கடைப் பெயரும் மசாலா டப்பாவும், கீழே தேதிக் கட்டை வைக்க வெள்ளை இடம்.

எல்லாம் சரியாக இருந்தது, பார்வையைத் தவிர. பிள்ளையார் நமக்கு இடது பக்கமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைப் பெயருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு காகிதத்தை விட்டு வெளியே போகிற மாதிரி இருந்தது. முகம் எப்போதும் விஷயத்தைப் பார்க்க வேண்டும் என்பது வகுப்பில் முதல் வாரமே சொல்லித் தருகிற பாடம். பட்டையை இடது பக்கம் மாற்றலாம் என்றால் டப்பாவின் புகைப்படம் அதற்குத் தோதாக இல்லை. ஆகவே படத்தைத் திருப்பிவிடுவது என்று முடிவு செய்தேன். அச்சகத்தில் பிலிமைப் புரட்டிப் போட்டால் போதும், இடது வலதாகிவிடும். ட்ரேசிங் தாளில் ஓர் அம்புக்குறி போட்டு 'படத்தைத் திருப்பவும்' என்று எழுதினேன்.

ஆனால் பென்சிலைக் கீழே வைத்ததும் ஒரு சந்தேகம் வந்தது. நம் சாமி இல்லை, நமக்குத் தெரியாதது ஏதாவது இருக்கலாம். அட்டையையும் ஓவியத்தையும் எடுத்துக்கொண்டு சாரிடம் போனேன்.

"சார், படத்தைத் திருப்பியிருக்கேன். தும்பிக்கை இப்ப அவரோட வலது கைப் பக்கம் வரும். பரவாயில்லையா?"

சார் ஓவியத்தைக் கண்ணாடியில் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"வலம்புரிடா இது. ரொம்ப விசேஷம். தேடினாலும் கிடைக்காது. பேஷ்."

மூலையில் 'வி' போட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரே தடவையில் "பேஷ்" வாங்குவது ஸ்டுடியோவில் யாருக்கும் நடக்காத காரியம். அன்று வீட்டுக்குப் போகும்போது ஜைனபுக்கு அல்வா வாங்கிப் போனேன். கல்யாணமாகி ஒரு வருடம், அவளுக்கு அப்போது ஆறாவது மாதம்.

மாதிரி அச்சு வந்த சமயம் சேட் ஊருக்குப் போயிருந்தார். அவருடைய மானேஜர் உத்தரப்பிரதேசத்துக்காரர். கடைப் பெயரையும் டெலிபோன் நம்பரையும் இரண்டு தடவை சரிபார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். மூவாயிரம் தாள் அச்சாகி, பார்வைக்கு ஒரு கட்டு ஸ்டுடியோவுக்கு வந்தது. நான் பெருமையாகக் கட்டைப் பிரித்து, அச்சாகிவிட்டதால் இனி மறைக்க ஒன்றுமில்லை என்று ஷிண்டேயிடமும் ஒன்றை நீட்டினேன்.

அவர் வாங்கவில்லை. கையைக் கழுவிக்கொண்டு வந்து வாங்கினார். நெற்றியில் ஒற்றிக்கொண்டு ஹிந்தியில் மெதுவாகக் கேட்டார்.

"காசிம், இதை வீட்டுல மாட்டறதுக்கா அடிச்சிருக்கீங்க?"

"ஆமா. ஏன்?"

"இது வலது சோண்ட் கணபதி, தும்பிக்கை வலது பக்கம் திரும்பினவர். எங்கள்ல யாரும் வீட்டுல வைக்கமாட்டாங்க. ரொம்பக் கடுமையான சாமி. தினம் மடியா பூஜை பண்ணணும், ஒரு நாள் தவறினாலும் வீட்டுக்கு ஆகாது. இவருக்கு எடம் கோயில்தான்."

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"நீ காட்டலியே" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. நான் கேட்டேன், ஆனால் கேட்க வேண்டிய ஆள் ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருக்க, எழுந்து போய் வேறொருவரைக் கேட்டேன். இந்துவைக் கேட்டால் போதும் என்று எனக்கு நினைப்பு. இந்துக்களுக்குள்ளேயே ஊருக்கு ஊர் பிள்ளையார் மாறுவார் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டிய சாருக்கும் அன்றைக்குத் தோன்றவில்லை.

மறுநாள் சேட் கூப்பிட்டனுப்பினார். சாரும் நானும் வடாலாவுக்குப் போனோம். ஆர்ட்வொர்க் அட்டை என் பையில் இருந்தது. கிடங்கில் காலை வைத்ததுமே மிளகாய் நெடியில் இரண்டு பேருக்கும் தும்மல் பிடித்துக்கொண்டது. சேட் பெரிய மீசைக்காரர், அகலமான ஆள். அவர் மேசையில் ஒரு காலண்டர் தாள் இருந்தது. எங்களைப் பார்த்ததும் எழுந்து, அந்தத் தாளை இரண்டு கையாலும் எடுத்து உயரமான அலமாரியில் வைத்தார். அதற்கப்புறம்தான் திட்ட ஆரம்பித்தார்.

"மூவாயிரம் வீட்டுக்கு நான் என்ன பதில் சொல்றது? மாட்டினா சாமிக்குப் பயப்படணும். மாட்டலேன்னா தூக்கிப் போடவும் முடியாது. நல்ல நாளும் அதுவுமா வீட்டுக்கு வீடு சங்கடத்தைக் கொண்டுபோய்க் குடுத்த மாதிரி இல்ல ஆயிருக்கும்?" எல்லாம் ஹிந்தியில். கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "நான் கொடுத்த படம் சரியாத்தான் இருந்தது. யார் திருப்பினது?"

"நான்தான்" என்றேன். பொய் சொல்ல அதில் ஒன்றும் இல்லை.

சேட் என்னை மேலும் கீழும் பார்த்தார். "உன் பேர் என்ன?"

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் சார் சொன்னார்: "ராஜு. மதராஸ் பையன். புதுசு."

நான் புதுசும் இல்லை, மதராஸைப் பார்த்ததும் இல்லை. ஆனால் அந்த இரண்டும் எனக்குப் பெரிதாகப் படவில்லை. உள்ளதைச் சொல்கிறேன், ராஜு என்று கேட்டதும் எனக்கு முதலில் வந்தது நிம்மதிதான். பிள்ளையாரைத் திருப்பினவன் ஒரு காசிம் என்று அந்தக் கிடங்கில் தெரிந்தால், அடுத்த கேள்வி ஏன் திருப்பினாய் என்பதாக இருக்காது. அன்றைய பம்பாயில் அது எங்கள் மூன்று பேருக்குமே தெரியும். அந்த நிம்மதியை நினைத்துத்தான் பிற்பாடு பல நாள் என் மேலேயே எனக்கு வெறுப்பாக இருந்தது.

சார் அடுத்ததாக, "நான்தான் பார்த்து ஓகே பண்ணினேன், எங்க வழக்கத்துல இது விசேஷம்" என்று சொல்வார் என்று காத்துக்கொண்டு நின்றேன். சொல்லவில்லை. "எட்டு நாளில் புதுசா அடிச்சுத் தரேன், எங்க பொறுப்பு" என்று மட்டும் சொன்னார். அவருடைய நீலப் பென்சில் எழுத்து என் பையில் இருந்தது. நான் பையைத் திறக்கவில்லை.

வெளியே வந்து ஸ்டேஷனை நோக்கி நடக்கும்போது சார்தான் பேசினார்.

"உன் நல்லதுக்குத்தாண்டா சொன்னேன்."

"தெரியும் சார்."

"தெரிஞ்சா மூஞ்சிய ஏன் அப்படி வெச்சிண்டிருக்கே?"

"விசேஷம்னு நீங்க சொன்னதையும் சொல்லியிருக்கலாம் சார்."

அவர் நடையை எட்டிப் போட்டு முன்னால் போய்விட்டார். ஸ்டேஷனிலும் என்னை விட்டுத் தள்ளிப் போய் நின்றுகொண்டார். என் சீட்டு கிழிந்துவிட்டது என்றே நினைத்தேன்.

வீட்டில் நடந்ததைச் சொன்னேன். ஜைனப் சிரிக்கவும் இல்லை, வருத்தப்பட்டதாகவும் காட்டிக்கொள்ளவில்லை. தட்டை எடுத்து வைத்துவிட்டுக் கேட்டாள்: "இப்ப சோறு ஆருக்கு வைக்கட்டும்? ராஜுக்கா, எங்க வூட்டு மாப்பிளைக்கா?" எனக்குச் சோறு இறங்கவில்லை.

புதுக் காலண்டர் எட்டு நாளில் அச்சாகி, தும்பிக்கை அவருடைய இடது கைப் பக்கமாகவே சேட்டுக்குப் போய்விட்டது. பிள்ளையார் கடைப் பெயரைப் பார்க்கவில்லை, அதை யாரும் கவனிக்கவும் இல்லை. பழைய மூவாயிரமும் கட்டுக் கட்டாக ஸ்டுடியோ வாசலில் வந்து இறங்கின. ஷிண்டே ஒவ்வொரு தடவை கடக்கும்போதும் கும்பிட்டுவிட்டுப் போவார். டீ கொண்டுவருகிறவர் தட்டை அதன் மேல் வைக்கமாட்டார். பழைய பேப்பர் வாங்குகிறவர் ஒரு தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதை நான் எடை போடமாட்டேன்" என்று திரும்பிப் போனார். கடலில் கரைக்கலாம் என்றார் ஒருவர். மூவாயிரம் தாளைக் கரைக்க எத்தனை ஆள் போவது என்று அதுவும் நின்றுபோயிற்று.

ஒரு வாரம் பார்த்துவிட்டு சாரிடம் போனேன்.

"சார், விசேஷம்னு நினைக்கிறவங்ககிட்ட இதைக் குடுத்தா என்ன?"

மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "புரியலே."

"வலது பக்கத்துப் பட்டையை வெட்டிட்டா சேட் பேர் போயிடும். படம் முழுசா நிக்கும். கீழ வெள்ளை எடத்துல, தேதிக் கட்டைக்கு மேல, தமிழ்க் கடைங்க பேரை எழுதித் தரலாம். பொங்கலுக்கு இன்னும் நாள் இருக்கு."

"யார் போய்க் கடை கடையா கேக்கறது?"

"நான் போறேன்."

"நீயா?"

"ராஜு போகமாட்டான் சார். காசிம்தான் போகணும்."

அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. வாயில் வந்துவிட்டது. சார் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, "எடுத்துண்டு போ. எல்லாத்தையும் எடுத்துண்டு போ" என்றார். கோபமா, சம்மதமா என்று எனக்குத் தெரியவில்லை. நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

வாப்பாவின் பட்டறையில் பெட்டிகளை ஒரு ஓரமாக நகர்த்திவிட்டு இடம் கொடுத்தார்கள். கடைப் பெயரைக் கையால் எழுதி, பட்டுத் துணிச் சட்டத்தில் ஏற்றி, மையை இழுத்து ஒவ்வொரு தாளாக அடிப்பது. கேட்பதற்கு எளிது, செய்யும்போது இடுப்பு ஒடிந்துவிடும். ஆனால் அதைவிடக் கஷ்டம் முதல் கடையில் ஏறுவது. மாட்டுங்காவில் ஒரு காப்பிப் பொடிக் கடை முன்னால் மூன்று தடவை நடந்தேன். நான்காவது தடவை ஏறினேன். கடைக்காரர் தாளைப் பார்த்ததும் மூக்குக் கண்ணாடியை மாற்றிக்கொண்டார். "வலம்புரியா? எங்கேர்ந்து பிடிச்சேள்?" என்றார். நடந்ததைச் சொன்னேன், ராஜு ஒன்றைத் தவிர. "அவாளுக்கு ஆகாதது நமக்கு ஆறது. இருநூறு போடுங்கோ" என்றார்.

தாராவியில் ஒரு மளிகைக் கடை அண்ணாச்சிக்கு என்னைச் சின்ன வயதிலிருந்தே தெரியும். படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஏல, நீ பெட்டிக்கார பாய் மவன்லா? நீ எங்கல பிள்ளையாரத் தூக்கிக்கிட்டு அலையுத?"

"நான்தான் அண்ணாச்சி திருப்பிப் போட்டேன். இப்ப நான்தானே கொண்டுபோய்ச் சேக்கணும்."

அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். முந்நூறு கேட்டார். கடைப் பெயரை எழுதிக் காட்டியபோது எழுத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "ஊர்ல போர்டு பாத்த மாரி இருக்கு. கீழ உன் பேரு எங்கல?" என்றார். அச்சடித்தவர் பெயரை மூலையில் பொடி எழுத்தில் போடுவது வழக்கம்தான். நான் வேண்டுமென்றே விட்டிருந்தேன்.

"பிள்ளையாருக்குக் கீழ என் பேரு வேண்டாம்னு பாத்தேன் அண்ணாச்சி."

"அவருக்கு ஒண்ணும் இல்ல. அடுத்த வருசம் காலண்டர் வேணும்னா நான் எவனப் போய்த் தேட? போடுல."

அன்றைக்கு அடித்ததிலிருந்து எல்லாத் தாளிலும் வலது கீழ் மூலையில் எம். காசிம், ஆர்ட்டிஸ்ட், தாராவி என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் போட்டேன். முதல் தாளில் மை காய்கிற வரைக்கும் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். அதுவரை எத்தனையோ பேருடைய பெயரை எழுதியிருக்கிறேன், அச்சில் என் பெயரை அன்றைக்குத்தான் பார்த்தேன். கண் கலங்கியது. மை வாசனை என்று வாப்பாவிடம் சொன்னேன்.

பொங்கலுக்குள் தாராவி, மாட்டுங்கா, வடாலா, செம்பூர் என்று மூவாயிரமும் போய்விட்டன. வந்ததை சாரிடம் கொடுத்தேன். என் உழைப்புக்கானதை எடுத்துக்கொள்ளச் சொன்னார், எடுத்துக்கொண்டேன். ஆனால் அது முக்கியமில்லை. அந்தக் கடைக்காரர்கள் என்னை விடவில்லை. பை, பில் புத்தகம், கல்யாணப் பத்திரிகை, கடை திறப்பு நோட்டீஸ் என்று ஒவ்வொன்றாக வந்தது. பம்பாயில் அப்போது பார்க்க அழகாகத் தமிழ் எழுத்து வேண்டுமென்றால் மதராஸிலிருந்து அச்சுக்கான உலோக பிளாக் செய்து வரவழைக்க வேண்டும். இங்கே நடந்து வந்து வாசலில் நிற்கிற ஆள் நான் ஒருவன்தான். மாட்டுங்காவில் பகலில் வேலை, மற்ற நேரமெல்லாம் பட்டறையில் வேலை என்று ஒரு வருடம் ஓட்டினேன். அதற்கு மேல் முடியவில்லை. செம்பூர் திலக் நகரில் ஒரு தரைத்தள அறையை வாடகைக்குப் பிடித்துவிட்டு சாரிடம் போய்ச் சொன்னேன்.

"பேர் என்ன வெக்கப்போறே?" என்றார்.

"காசிம் ஆர்ட்ஸ்."

பையிலிருந்த பலகை மாதிரியை எடுத்துக் காட்டினேன். தலைகீழாகப் பார்த்தார். கண்ணாடியில் பார்த்தார். "இன்னொரு தரம்" என்று சொல்லிவிட்டு, என் கையில் கொடுக்காமல் அவரே பென்சிலை எடுத்தார். 'கா'வுக்கும் 'சி'க்கும் நடுவே இருந்த இடத்தைக் குறைத்தார். 'ம்'மின் புள்ளியை ஒரு மயிரிழை மேலே ஏற்றினார். ஒரு மணி நேரம் என் பெயரோடு மல்லுக்கட்டினார். கடைசியில் "பேஷ்" என்று தாளை நீட்டியபோது என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. வடாலாவில் நடந்ததைப் பற்றி அவர் கடைசிவரை ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு இருந்த மனத்தாங்கல் அன்றைக்குப் பாதி போயிற்று. முழுவதும் போயிற்று என்று சொன்னால் பொய்.

திலக் நகரில் தொடங்கி ஆறு மாதம் இருக்கும். ஒரு முற்பகலில் சாவந்த் சேட் வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு துணிப்பை. மேலே பலகையைப் பார்த்தார். தமிழ் படிக்கத் தெரியாது, கீழே ஆங்கிலத்தில் இருந்ததைப் படித்தார்.

"காசிம் பாயைப் பார்க்கணும்" என்றார் ஹிந்தியில்.

"நான்தான்" என்றேன்.

என் முகத்தை உற்றுப் பார்த்தார். "நீ ராஜு."

"இல்ல சேட். அன்னைக்கும் காசிம்தான்."

உள்ளே வரச் சொன்னேன், உட்காரச் சொன்னேன். வந்தார், உட்காரவில்லை. ஒரு தமிழர் ஓட்டலில் சாப்பிடும்போது சுவரில் அந்தப் படத்தைப் பார்த்தாராம். வருடம் போயும் தேதிக் கட்டையை மட்டும் மாற்றிப் படத்தை வைத்திருந்தார்களாம். "என்னோட கணபதி. கீழே ஒரு முஸல்மான் பேர். சாப்பாடு எனக்கு இறங்கலே" என்றார். மூலையிலிருந்த பெயரை எழுதிக்கொண்டு தாராவிக்குப் போய் விசாரித்திருக்கிறார். வாப்பா ஒரு சீட்டில் என் முகவரியை எழுதிக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்.

"அன்னைக்கு ஏன் பேரைச் சொல்லலே?"

"பயம் சேட்."

"என்கிட்டயா?"

"உங்ககிட்டயும்தான்."

அவர் முகம் சுருங்கியது. மீசையைத் தடவிக்கொண்டார். கடை போட்டு ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. தெருவில் நின்று இந்த ஆள் ஒரு வார்த்தை சொன்னால் என் பலகையை நானே இறக்கிக்கொண்டு போக வேண்டியதுதான்.

"திருப்பறதுக்கு முன்னால யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றார்.

"கேட்டேன் சேட்."

"யாரை?"

"எனக்குத் தெரிஞ்ச பெரியவர் ஒருத்தரை. அவங்க வழக்கத்துக்கு அவர் சொன்னது சரிதான்."

யார் என்று அவர் மறுபடி கேட்கவில்லை. பதில் தெரிந்துவிட்டது என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. துணிப்பையிலிருந்து ஒரு ஓவியத்தை எடுத்து, மேசையில் இருந்த பிளேடையும் பசை டப்பாவையும் தள்ளிவிட்டு, அதை இரண்டு கையாலும் வைத்தார்.

"அடுத்த வருஷத்துக்கு லக்ஷ்மி" என்றார். "இனிமே என்னைக் கேளு."

பென்சிலைத் தேடுகிற மாதிரி குனிந்து நிமிர்ந்தேன். பிறகு, லக்ஷ்மி நிற்கலாமா, உட்கார வேண்டுமா என்று கேட்டேன்.

"உட்காரணும். நின்னா கிளம்பிப் போயிடுவா" என்று சொல்லிவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவரும் உட்கார்ந்தார்.